பாடலாசிரியரை அமர்த்தும் முன்: ஒப்பந்தமும் ராயல்டியும்

மெட்டு தயார், பாடகர் தேதி கொடுத்துவிட்டார், வரிகள் மட்டும் பாக்கி. தெரிந்தவர் மூலம் ஒரு பாடலாசிரியரைப் பிடித்து, பாட்டுக்கு இவ்வளவு என்று போனிலேயே பேசி, பணத்தை ஜிபேயில் அனுப்பி, வரிகளை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பதிவு செய்துவிடுவது சுயாதீன இசையில் வழக்கமாக நடப்பதுதான். பாட்டு ஓடாதவரை இதில் உள்ள சிக்கல் தெரியாது. ஓடிய பிறகு ஒரு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வாங்க வரும், அல்லது ஒரு விளம்பரக் கம்பெனி பத்து விநாடிக்குக் கேட்கும். இருவரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: வரிகளை எழுதியவர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதா?

இல்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய அந்த வரிகள் சட்டப்படி இன்னும் எழுதியவருடையவைதான். அதே நேரத்தில் எழுதியவருக்கும் இதில் பெரிய நஷ்டம் உண்டு. அவர் பெயர் எங்கும் சரியாகப் பதிவாகாததால் வரவேண்டிய ராயல்டி அவரைத் தேடி வருவதே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் மருந்து ஒன்றுதான்: பதிவுக்கு முன் கையெழுத்தான நாலு பக்கம்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி, சினிமாவுக்கு வெளியே சொந்தமாக ஆல்பமோ சிங்கிளோ செய்கிறவரை மனதில் வைத்துச் சொல்வது. சினிமாவில் விதி மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை

நாம் பாட்டு என்று ஒன்றாகச் சொல்வதை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு; அதற்கு ஆசிரியர் பாடலாசிரியர். மெட்டு ஓர் இசைப் படைப்பு. அதற்கு ஆசிரியர் இசையமைப்பாளர். இசைப் படைப்புக்குச் சட்டம் தரும் வரையறையே, இசையோடு பாடப்படும் சொற்கள் இதில் சேராது என்று விலக்கிவிடுகிறது. ஸ்டூடியோவில் பதிவாகி வெளிவரும் ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து. அதன் ஆசிரியர் தயாரிப்பாளர், அதாவது அந்தப் பதிவைச் செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். சொந்த ஆல்பம் என்றால் பெரும்பாலும் அது நீங்கள்தான். இவை போக, பாடகருக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. அதற்கு வேறு ஒப்பந்தம் வேண்டும்.

வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை நீடிப்பது ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பாரதியார் 1921-இல் மறைந்தவர். அவர் வரியை ஆல்பத்தில் எடுத்தாள யாரிடமும் கேட்க வேண்டாம். கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அவர் வரிகளுக்கான பதிப்புரிமை 2041 டிசம்பர் வரை உயிரோடு இருக்கும். பழைய பாட்டின் பல்லவியை உங்கள் பாட்டில் சேர்க்க ஆசை வந்தால் முதலில் போடவேண்டிய கணக்கு இது.

பணம் கொடுத்துவிட்டால் வரிகள் நம்முடையவையா?

இல்லை. சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி முதல் உரிமையாளர் எழுதியவர்தான். காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே முதல் உரிமை போகும் என்ற விதிவிலக்கு புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு உண்டு. அந்தப் பட்டியலில் பாடல் வரிகள் இல்லை. மாதச் சம்பளத்தில் வேலைக்கு வைத்து, அந்த வேலையின் பகுதியாக எழுதவைத்தால் கணக்கு வேறு. ஆனால் பாட்டுக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்தும் பாடலாசிரியர் உங்கள் ஊழியர் அல்ல.

இதில் அடிக்கடி நடக்கும் விபத்து, இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஒப்பந்த மாதிரியை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குவது. 'வொர்க் ஃபார் ஹயர்' என்று அதில் வரும் வாசகம், எழுதச் சொன்னவரையே ஆசிரியராகக் கருதும் அமெரிக்கச் சட்டத்தின் கருத்து. இங்கே அந்த வார்த்தையை எழுதினாலும் தனியாகத் தொழில் செய்யும் பாடலாசிரியரின் முதல் உரிமை தானாக மாறிவிடாது. உரிமையை எழுதி வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லும் பத்தி தனியாக வேண்டும்.

சினிமாவில் நிலைமை நெடுங்காலம் எதிர்த்திசையில் இருந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம், காசு கொடுத்து இசையமைக்கவும் எழுதவும் வைத்த படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ஒருமுறை சம்பளத்தோடு உறவு முடிந்தது. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இன்று பாடலாசிரியர் ஒப்பந்தம் எழுதும் எவரும் அந்தத் திருத்தத்தைப் புரிந்துகொள்ளாமல் எழுதக் கூடாது.

விட்டுக்கொடுக்கவே முடியாத பங்கு

திருத்தம் சொல்வது இது: வரிகளின் உரிமையை எழுதியவர் உங்களுக்கு முழுவதும் மாற்றித் தரலாம். ஆனால் அந்த வரிகள் பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை அவர் எழுதிக் கொடுக்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்கோ ஒரு பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். படத்தில் வராத பாட்டுக்கு இது எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்தும். படப் பாட்டுக்கு ஒரு விலக்கு உண்டு: படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவதற்கு ராயல்டி கிடையாது. அதே படம் டிவியிலோ ஓடிடியிலோ வந்தால் உண்டு.

ஆகவே 'மொத்தத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி ராயல்டி எதுவும் கேட்கமாட்டேன்' என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வாங்கும் வவுச்சர், ராயல்டியைப் பொறுத்தவரை செல்லாது. பல தயாரிப்பாளர்கள் நல்ல எண்ணத்தோடேயே இப்படி எழுதி வாங்குகிறார்கள். ஆனால் இதனால் கிடைக்கும் பாதுகாப்பு பூஜ்யம். எழுதுகிறவர்களும் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

சமபங்கு என்பதை எண்ணில் பார்ப்போம். இந்தியாவில் வரிகளுக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிவுபெற்ற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். 1969-இல் மும்பையில் தொடங்கியது. 2017 நவம்பரில் திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் மீண்டும் பதிவு பெற்றது. அதன் கணக்கில் ஒரு பாட்டுக்கான தொகையில் பாதி உரிமை வைத்திருப்பவருக்கு, மீதிப் பாதி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சரிசமம். ஒரு பாட்டுக்கு 8,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்கு 4,000, பாடலாசிரியருக்கு 2,000, இசையமைப்பாளருக்கு 2,000. வரி, மெட்டு இரண்டின் உரிமையையும் இசையமைத்தவரே வைத்திருந்தால் அவருக்கு 6,000. இடையில் ஒரு ராப் பகுதியை வேறொருவர் எழுதி, வரிகளை 60-க்கு 40 என்று பிரிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், வரிகளுக்கான 2,000 மட்டும் 1,200 ஆகவும் 800 ஆகவும் உடையும். மெட்டின் பங்கில் யாரும் கைவைக்க முடியாது.

பணம் இரண்டு வழியில் வருகிறது

புதிதாக வருகிறவர்கள் குழம்பும் முக்கியமான இடம் இது. டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு ஏற்றுகிறீர்கள். சில மாதம் கழித்து உங்கள் கணக்கில் பணம் ஏறுகிறது. அது ஒலிப்பதிவுக்கான பணம். வரிகளுக்கும் மெட்டுக்குமான ராயல்டி அந்த வழியில் வருவதில்லை. லைசென்ஸ் பெற்ற தளங்களும் டிவி நிறுவனங்களும் கச்சேரி ஏற்பாட்டாளர்களும் அதைத் தனியாக ஐ.பி.ஆர்.எஸ்-க்குக் கட்டுகிறார்கள். அங்கே உறுப்பினராகி, பாட்டைப் பதிவு செய்து வைத்தவருக்குத்தான் அது வந்து சேரும்.

இதிலிருந்து இரண்டு முடிவு. டிஸ்ட்ரிபியூட்டர் தரும் பணத்தில் பாடலாசிரியருக்குத் தானாகப் பங்கு கிடையாது. கொடுக்க விரும்பினால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அதேபோல அதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஐ.பி.ஆர்.எஸ். பங்கை நிறுத்தவும் முடியாது.

ரேடியோவில் ஒலிப்பதிவை ஒலிபரப்பும்போது வரிக்கும் மெட்டுக்கும் தனியாக ராயல்டி உண்டா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் இல்லை என்றார். 2023 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம், 2012 திருத்தத்துக்குப் பின் உண்டு என்று ஐ.பி.ஆர்.எஸ். பக்கம் இடைக்கால உத்தரவு தந்தது. எழுதுகிறவர்களுக்கு அந்த உத்தரவு பெரிய பலம்.

எழுதி வாங்குவதா, லைசென்ஸ் போதுமா

எழுதி வாங்குவது வீட்டைக் கிரயம் செய்வது போல. லைசென்ஸ் வாடகைக்கு எடுப்பது போல. எழுதி வாங்கினால் வரிகளின் உரிமையாளர் நீங்கள். எழுதியவருக்கு ராயல்டி உரிமையும் பெயர் உரிமையும் மிஞ்சும். லைசென்ஸ் என்றால் உரிமையாளர் அவரே, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு உங்களுக்கு அனுமதி.

ஐந்து பாட்டு கொண்ட சிறிய ஆல்பத்துக்குப் பிரத்தியேக லைசென்ஸே போதும் என்பது எங்கள் கருத்து. அந்த வரிகளை உங்கள் மெட்டில் பதிவு செய்ய, வெளியிட, மேடையில் பாட, வீடியோவில் சேர்க்க உங்களுக்கு மட்டுமே அனுமதி. வேறு யாருக்கும் அதே வரிகளை அவர் கொடுக்கக் கூடாது. இந்த அளவுக்குச் சம்பளமும் கட்டுக்குள் இருக்கும். லேபிளுக்கு விற்கும் திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் எழுதி வாங்குங்கள். லேபிள்கள் பொதுவாக அதைத்தான் கேட்கும். அப்போது சம்பளத்தையும் அதற்கேற்பக் கூட்டிக் கொடுப்பதே நியாயம்.

ஒப்பந்தத்தில் விடுபடக் கூடாதவை

சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போலவே இருக்கிறது. 30-ஏ பிரிவு அதையே தேவையான மாற்றங்களோடு லைசென்ஸுக்கும் பொருத்துகிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் அதிகாரம் அளித்தவரோ கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி, வேறு என்ன தொகை என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சட்டமே ஒரு பதிலை நிரப்பிவிடும். அது பெரும்பாலும் வாங்குகிறவருக்குப் பாதகமாக இருக்கும். காலம் எழுதவில்லையா, 5 ஆண்டுதான். நிலப்பரப்பு எழுதவில்லையா, இந்தியா மட்டும்தான். தமிழ்ப் பாட்டைக் கேட்கிறவர்கள் கொழும்பிலும் டொரொண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும்போது 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல்லை மறப்பது எவ்வளவு பெரிய இழப்பு! வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆல்பம் தள்ளிப் போகும் வாய்ப்பு இருந்தால் 'இரண்டு ஆண்டு' என்றோ 'மூன்று ஆண்டு' என்றோ வெளிப்படையாக எழுதுங்கள்.

படைப்பை அடையாளம் காட்ட, தலைப்பை மட்டும் எழுதினால் போதாது. வேலைத் தலைப்பு வெளியீட்டுக்குள் பலமுறை மாறும். இறுதி வரிகளை முழுவதும் தட்டச்சு செய்து இணைப்பு 1 என்று சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். மெட்டின் ரஃப் டிராக் கோப்புப் பெயரையும் தேதியையும் அதிலேயே குறியுங்கள்.

என்னென்ன உரிமை என்ற இடத்தில் 'எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களும், இனி வரப்போகும் ஊடகங்களும்' என்று அள்ளி எழுதும் பழக்கம் உண்டு. கையெழுத்திடும் நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு உரிமை மாற்றம் பொருந்த வேண்டுமானால் அதைக் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது திருத்தம். மொத்தமாக எழுதுவதை நம்பாமல் பிரித்து எழுதுங்கள்: ஒலிப்பதிவு, ஸ்ட்ரீமிங், பதிவிறக்கம், லிரிக் வீடியோ, இசைக் காணொளி, மேடை, டிவி, ரேடியோ, சமூக ஊடகக் குறுங்காணொளி. ரீமிக்ஸ், தெலுங்கிலோ மலையாளத்திலோ மொழிமாற்றம், படத்தில் சேர்ப்பது, விளம்பரம் ஆகிய நான்கும் தனித்தனி முடிவுகள். இவற்றுக்கு ஒவ்வொரு முறையும் பாடலாசிரியரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று வைப்பது நல்லது. குறிப்பாகத் தேர்தல் பிரசாரம். ஓடிய பாட்டின் மெட்டில் கட்சிக்கு வரி மாற்றிப் பாடுவது நம் ஊரில் புதிதல்ல. எழுதியவரின் மதிப்பைக் குலைக்கும் விதத்தில் வரிகளைத் திரித்தால் 57-ஆவது பிரிவின்கீழ் அவர் தடுக்கலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பிறகும் இந்த உரிமை அவரிடமே இருக்கும்.

ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினரா என்பதைப் பேச்சு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். உறுப்பினர் சேரும்போதே தன் படைப்புகளின் நிகழ்த்து உரிமை (மேடையிலும் ஒலிபரப்பிலும் பொதுவில் பயன்படுத்தும் உரிமை) உள்ளிட்ட சிலவற்றைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். அதற்கு முரணாகப் பின்னால் செய்யும் உரிமை மாற்றம் செல்லாது என்று 19-ஆவது பிரிவே சொல்கிறது. எனவே 'பாடலாசிரியர் ஐ.பி.ஆர்.எஸ்-க்கு ஏற்கெனவே அளித்த உரிமைகளுக்கு உட்பட்டு' என்ற தொடர் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது உத்தரவாதம். வரிகள் சொந்தமாக எழுதியவை, வேறு யாருக்கும் கொடுக்கப்படாதவை, வேறொரு பாட்டிலிருந்து எடுக்கப்படாதவை என்று பாடலாசிரியர் உறுதி தர வேண்டும். நாட்டுப்புற வரி, சித்தர் பாடல், திருக்குறள் போன்றவற்றிலிருந்து எடுத்தது இருந்தால் எந்த வரி என்று குறிக்கச் சொல்லுங்கள். பழையது பொதுச் சொத்துதான். ஆனால் நாட்டுப்புறம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சில பாடல்கள், உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதியவையாக இருக்கும். ஏஐ கருவியைப் பயன்படுத்தினாரா, எந்த அளவுக்கு என்பதையும் இப்போது எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

சம்பளமும் 'நிகர' வருமானமும்

பாதியை மெட்டு அனுப்பும் நாளில், மீதியை இறுதி வரிகள் ஒப்புதலான நாளில் கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. 'வெளியான பின் மீதி' என்று வைக்காதீர்கள். வெளியீடு தள்ளிப்போவதில் எழுதியவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. எத்தனை முறை திருத்தம் என்பதும் எண்ணில் இருக்கட்டும். இரண்டு சுற்றுத் திருத்தம் சம்பளத்தில் அடக்கம். மெட்டே மாறினால் அது புதிய வேலை, அதற்குத் தனித் தொகை. பாட்டு கைவிடப்பட்டால் முன்பணம் அவருக்கே, வரிகளும் அவருக்கே திரும்பும்.

அட்வான்ஸ் என்ற சொல்லில் கவனம் வேண்டும். நம் பேச்சு வழக்கில் அது சம்பளத்தின் முதல் தவணை. லேபிள்கள் தரும் ஒப்பந்தத்தில் அது பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக இருக்கலாம். 'இந்தத் தொகை ராயல்டியில் கழிக்கப்படாது' என்ற ஒரு வரி இந்தக் குழப்பத்தை முழுவதும் தீர்த்துவிடும்.

ஒலிப்பதிவு வருமானத்தில் பங்கு தருவதாக இருந்தால் எதில் பங்கு என்பதை விவரித்து எழுதுங்கள். ஓராண்டில் டிஸ்ட்ரிபியூட்டர் தன் கமிஷன் போக 1,00,000 ரூபாய் அனுப்பினார், பாட்டின் தயாரிப்புச் செலவு 80,000, பாடலாசிரியருக்கு 10 சதவீதம் என்று பேச்சு. வந்த தொகையில் என்றால் அவருக்கு 10,000. செலவு போக மிஞ்சியதில் என்றால் 2,000. இரண்டையுமே 'நிகர வருமானம்' என்று அழைப்பவர்கள் உண்டு. எந்தச் செலவைக் கழிக்கலாம், அதிகபட்சம் எவ்வளவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா ஆண்டுக்கு ஒருமுறையா கணக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் அறிக்கையை அவர் பார்க்கலாமா என்ற நான்கையும் எழுதாமல் சதவீதம் பேசுவதில் பயனில்லை. ஒரு பாட்டு மட்டும் செய்கிறவர்களுக்கு எங்கள் யோசனை: இந்தப் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க உங்களால் முடியாது என்று தோன்றினால், சதவீதத்துக்குப் பதில் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிடுங்கள். பிரிக்கப்படாத சிறு தொகைகள்தான் நட்பைக் கெடுக்கின்றன.

வரி விஷயம் சுருக்கமாக. கணக்குத் தணிக்கை வரம்புக்கு மேல் இருக்கும் தனிநபரும் எல்லா நிறுவனங்களும், வரம்பைத் தாண்டிய தொழில்முறைக் கட்டணத்திலும் ராயல்டியிலும் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பொது விகிதம் 10 சதவீதம். பாடலாசிரியர் தன் பதிப்புரிமையை இசை நிறுவனத்துக்கோ தயாரிப்பாளருக்கோ தரும்போது வரும் ஜிஎஸ்டியை, வாங்குகிறவரே நேரடியாகக் கட்டும் முறை இருக்கிறது. உங்களுக்கு இது பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் பேச்சின் தொடக்கத்திலேயே கேளுங்கள். சம்பளம் பேசி முடித்த பின் 'டிடிஎஸ் போகத்தான்' என்று சொல்வது நன்றாக இருக்காது.

எந்த நாளில் எது

மெட்டு அனுப்பும் அன்றே இரண்டு பக்க ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். வரிகள் இன்னும் இல்லாததால் 'இறுதி வரிகள் இணைப்பு 1 ஆகச் சேர்க்கப்படும்' என்று இடம் விடுங்கள். மெட்டோடு தத்தகாரம் (சொல்லுக்குப் பதில் 'தன்னனா' என்று பாடிக் காட்டுவது) தெளிவாகக் கேட்கும் டிராக், டெம்போ, பாட்டின் சூழல், பாடப்போவது ஆணா பெண்ணா, எந்த வட்டார வழக்கு, தவிர்க்க வேண்டிய சொற்கள் ஆகியவையும் போகட்டும். இதெல்லாம் ஒப்பந்த விஷயம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் திருத்தச் சண்டைகளில் பாதி, முதலில் என்ன கேட்டோம் என்பதற்குச் சான்று இல்லாததால் வருபவை.

இறுதி வரிகள் முடிவான அன்று பங்கீட்டுத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். ஒரே பக்கம் போதும்: பாட்டின் பெயர், வரிகளை எழுதியவர்கள், மெட்டமைத்தவர்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம், ஐ.பி.ஆர்.எஸ். உறுப்பினர் என்றால் ஐ.பி.ஐ. எண் (படைப்பாளரை உலக அளவில் அடையாளம் காட்டும் எண்), கையெழுத்து, தேதி. தத்தகாரத்தில் இசையமைப்பாளர் சும்மா பாடிய ஒரு சொல்லே ஹூக் லைனாக, அதாவது கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் வரியாக, நிலைத்துவிடும். அதற்கு அவருக்கு வரியில் பங்கு உண்டா? ஸ்டூடியோவில் பாடகர் ஒரு வரியை மாற்றிப் பாடி அதுவே நன்றாக அமைந்துவிட்டால்? இரண்டுக்கும் சரியான பதில் என்று ஒன்று கிடையாது, ஒப்புக்கொண்ட பதில்தான் உண்டு. பாட்டு ஓடுவதற்கு முன் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

ஒலிப்பதிவு முடிந்ததும் பாடியபடி வரிகளைக் கேட்டு இணைப்பு 1-ஐத் திருத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஏற்றும்போது பாடலாசிரியர் பெயரை அவர் ஐ.பி.ஆர்.எஸ்-இல் கொடுத்துள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள். 'ழ' வரும் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எழுத்து மாறினால் பாட்டும் பெயரும் பொருந்தாமல் பணம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு கிடைக்கும். அதைப் பாடலாசிரியருக்கும் அனுப்புங்கள், ஐ.பி.ஆர்.எஸ்-இல் அவர் பாட்டைப் பதிவு செய்யும்போது பயன்படும். மேடையில் பாடினால் பாடிய பாடல்களின் பட்டியலை ஏற்பாட்டாளர் மூலம் சங்கத்துக்குச் சேர்ப்பியுங்கள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும். சான்றாக வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருவருக்கும் வசதி தமிழ் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். புரியாத மொழியில் போட்ட கையெழுத்து பின்னால் வாதத்துக்கு இடம் தரும். வாட்ஸ்அப் உரையாடல் என்ன பேசினோம் என்பதற்குச் சாட்சியாகலாம். அதில் வந்த 'ஓகே அண்ணா', 19-ஆவது பிரிவு கேட்கும் கையெழுத்து ஆகாது. வெளியூர்க்காரர் என்றால் ஆதார் வழி மின்கையெழுத்து வாங்கலாம்.

எழுதுகிறவர் வெளிநாட்டில் இருந்தால்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுத, சென்னையில் இசையமைத்து, டொரொண்டோவில் பாடிய ஆல்பங்கள் இன்று சாதாரணம். பாடலாசிரியர் தன் நாட்டுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம்: கனடாவில் சோகன், பிரிட்டனில் பி.ஆர்.எஸ்., மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் கம்பாஸ். ஒரே உரிமைக்கு ஒரே நிலப்பரப்பில் இரண்டு சங்கத்தில் சேர முடியாது. சங்கங்கள் தங்களுக்குள் செய்துள்ள உடன்பாடு மூலம் பணம் கைமாறும். ஆகவே பங்கீட்டுத் தாளில் சங்கத்தின் பெயரையும் ஐ.பி.ஐ. எண்ணையும் எழுதுவது இங்கே இன்னும் முக்கியம். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டத்தில் உரிமைக்காலம் ஆயுளும் 70 ஆண்டும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், வழக்கென்றால் எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டீர்களா?

சரிசெய்யலாம். பழைய தேதி போட்டு ஒப்பந்தம் தயாரிக்காதீர்கள். அது மோசடி, பின்னால் மொத்த ஒப்பந்தத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். இன்றைய தேதியில் உறுதிப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று போடுங்கள். பாட்டு எந்த நாளில் வெளியானது, எவ்வளவு தொகை எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்து, வெளியான நாள் முதல் நடந்த பயன்பாட்டுக்குப் பாடலாசிரியரின் சம்மதத்தையும் இனிமேலைக்கான உரிமையையும் அதில் வாங்குங்கள். பங்கீட்டுத் தாளும் சேரட்டும். இந்தக் கையெழுத்துக்கு அவர் கூடுதல் தொகை கேட்டால் அதில் தவறில்லை. பாட்டு ஓடிவிட்டது என்பது அவருக்கும் தெரியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் விடுபட்ட பாடலாசிரியர் பெயரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை மாற்றாமல் திருத்துங்கள். புதிதாக ஏற்றினால் இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பிரிந்துபோகலாம். அவர் ஐ.பி.ஆர்.எஸ்-இல் சேராதவர் என்றால் வெளியான பாட்டின் இணைப்பு, பான் எண், வங்கி விவரம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வெளியீட்டு விவரத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பது தயாரித்த உங்களுக்குத்தான் எளிது. விண்ணப்பத்தில் வாரிசு நியமனம் கேட்டிருந்தால் அந்த இடத்தைக் காலியாக விடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவருக்குப் பின் 60 ஆண்டுகள் அந்த ராயல்டி அவர் வீட்டுக்குப் போகவேண்டியது.